பத்தாவது கோணல் வரி

அத்தியாயம் 6

"உன்னை யாருடா இங்க வரச் சொன்னது?"

இரண்டு நாளாகப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர், தன்னைக் காப்பாற்ற வந்த மைத்துனனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. பஞ்சர் அசரவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக மாமா அவனை இப்படித்தான் வரவேற்கிறார். நன்றாகப் பேசியிருந்தால்தான் அவன் பயந்திருப்பான்.

"அக்காதான் அனுப்பினா, மாமா."

"அவளுக்குத்தான் அறிவில்ல. உனக்குமா இல்ல?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே அளவுதான். இருந்திருந்தா உங்களுக்குப் பொண்ணு குடுத்திருப்போமா?"

மாமா எழுந்தார். கான்ஸ்டபிள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

"குடும்பச் சண்டையை வெளியில வச்சுக்கோங்க. நாலு மணிக்கு இவரைக் கோர்ட்டுல நிறுத்தணும். மேடம், உங்களுக்காகத்தான் பத்து நிமிஷம் குடுக்கறேன். வேற யாரா இருந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்."

மேடம் என்று அவர் சொன்னது, பஞ்சருக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார அம்மாவை. பதினைந்து வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இன்ஸ்பெக்டருக்கே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பிறகு ஸ்கூலை மூடிவிட்டு அதே அறையில், அதே மேஜையில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். போர்டு மட்டும்தான் மாறியது. பஞ்சர் அந்த ஸ்கூலின் கடைசி மாணவன். லைசென்ஸ் டெஸ்டில் நான்கு முறை தோற்று, நான்காவது முறை டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரியின் ஜீப் டயரையே கிழித்துவிட்டு வந்து அழுதான். மேடம் அவனுக்கு ஒரு பெயரும் ஒரு வேலையும் கொடுத்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் மேடத்தின் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தப்புப் பண்ணினால் அவர் மிதிப்பார். கார் போய் ஆறு வருஷமாகிறது. கால் இன்னும் திருந்தவில்லை. எதிராளி பேச்சில் எங்காவது இடித்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் பஞ்சர் விசாரணை நேரத்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை; மேடத்தின் செருப்பைத்தான் பார்ப்பான்.

"மெக்கானிக், அந்த டிராக்டருக்கு என்ன வேலை செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எழுதி வச்சிருக்காங்களே, படிச்சுக்கோங்க."

"எனக்குப் பிறத்தியார் கையெழுத்து புரியாது. நீங்களே சொல்லுங்க."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். விடுதியின் புல்வெட்டும் டிராக்டர். சின்ன வண்டி, ரொம்பப் பழசு. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் அசையும். அதுவரைக்கும் சும்மா ஆடும். நாலு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமை விடுதி முதலாளியின் மகன் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான். மாமா அடியில் படுத்து, தேய்ந்துபோன புஷ் வளையத்தைக் கழற்றிப் புதுசு போட்டார். ஸ்டியரிங்கின் இரண்டு பல்சக்கரமும் நெருக்கிப் பிடிக்கும்படி பெரிய நட்டை மாற்றி முறுக்கினார். நட்டு கழன்று வராமல் இருக்க அதன் குறுக்கே ஒரு பின்னைச் செருகி, இரண்டு காலையும் மடக்கி விட்டார். சாயங்காலமே வண்டி போய்விட்டது.

புதன்கிழமை காலை தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது சரிவில் ஸ்டியரிங் சும்மா சுற்றியது. வண்டி நேரே இறங்கி, கீழே தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்த முதலாளியைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னும் நினைவு வரவில்லை.

"நட்டு சரிவுல கிடந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "பின் கிடைக்கல. நாலு பேர் ஒரு நாள் முழுக்கப் புல்லைச் சீவிப் பார்த்தாச்சு. போட்டிருந்தாத்தானே கிடைக்கும்?"

"போட்டேன்!"

"சத்தியமா?" என்றான் பஞ்சர்.

"சத்தியம் பண்ணி வேலை செய்யறவன் இல்லடா நான். பின் போட்டு வேலை செய்யறவன்."

சொல்லிவிட்டு மாமா தலையைக் குனிந்துகொண்டார். பட்டறைக்குச் சீல் வைத்தாயிற்று. காலையில் அக்கா அந்தப் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைப் பஞ்சர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் அந்த ஷட்டர் இனிமேல் திறக்காது. அதை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது. பயந்தால்தான் அவன் வாய் அதிகம் பேசும்.

"இன்ஸ்பெக்டர்," மேடம் எழுந்தார். "கோர்ட்டுக்குப் போற வழியில்தானே அந்த விடுதி? மூணு மணிக்கு இவரை அங்க கூட்டிட்டு வாங்க. கூடவே இவரோட ஸ்பேனர் பெட்டியும்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா இங்கயே சொல்லியிருப்பேனே."

விடுதி வரவேற்பறையில் ஊதுபத்தி வாசனைக்குப் பதிலாக பெயிண்ட் வாசனை அடித்தது. மேஜைக்குப் பின்னால் முதலாளியின் மகன் நின்றிருந்தான். மூன்று நாள் தூக்கமில்லாத கண். ஊரெல்லாம் சின்ன முதலாளி என்று கூப்பிடும் ஆள். அன்றைக்கு யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்த மெக்கானிக் வீட்டு ஆளுங்களா? என்ன தைரியம் இருந்தா உள்ள வருவீங்க?"

"கதவு திறந்திருந்தது சார்," என்றான் பஞ்சர்.

"மூடத் தெரியும் எனக்கு."

"மூடறதுக்கு முன்னால ஒரு கேள்வி," என்றார் மேடம். அவர் பார்வை சுவரில் மாட்டியிருந்த பெரிய போட்டோவில் இருந்தது. மாடியிலிருந்து எடுத்த படம். பச்சைப் புல்வெளி முழுக்க வரி வரியாக, ஒரு வரி வெளிர், ஒரு வரி அடர்த்தி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போலக் கிடந்தது. "இது எப்ப எடுத்தது?"

"போன மாசம். எங்க விளம்பரம் முழுக்க அந்தப் படம்தான். அந்தப் புல்லைப் பார்க்கத்தான் கெஸ்ட்டே வர்றாங்க. அதுக்கென்ன இப்ப?"

"வெட்டினது?"

"தோட்டக்காரர்தான். இருபத்திரண்டு வருஷமா அவரைத் தவிர வேற யாரும் இங்க புல்லு வெட்டினதில்ல. அப்பா வெட்ட விடமாட்டார்."

மேடத்தின் வலது கால் தரையை அழுத்தியது. பஞ்சர் பார்த்தான். போட்டோவையும் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

"ஒரு கோடுகூடக் கோணல் இல்ல," என்றார் மேடம்.

"ஆமா, அன்னிக்கு இல்ல. இப்ப வந்து பாருங்க உங்க ஆள் பண்ணின லட்சணத்தை!"

இழுத்துக்கொண்டு போகாத குறையாக வெளியே அழைத்துப் போனான். புல்வெளி பெரியது, வீட்டுப் பக்கம் மட்டமாக இருந்து, போகப் போகச் சரிந்து, தண்ணீர்த் தொட்டியின் கல்சுவரில் முடிந்தது. முன்பக்கம் நசுங்கிய டிராக்டர் ஓரமாக நின்றது. புதன்கிழமை வெட்டிய வரிகள் அப்படியே கிடந்தன. பஞ்சர் எண்ணினான். ஒன்பது வரிகள் பாம்பு ஊர்ந்தது போல இடதும் வலதும் நெளிந்து நெளிந்து போயிருந்தன. அதன் பிறகு நான்கு வரிகள் நேர், அப்பழுக்கில்லாத நேர். ஐந்தாவது பாதியில் கீழ்நோக்கித் திரும்பி, தொட்டிச் சுவரில் போய் முட்டியிருந்தது.

"பார்த்தீங்களா? ஸ்டியரிங் லூசா இருந்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இன்ஸ்பெக்டரே பார்த்துட்டு எழுதிக்கிட்டார்."

"கடைசி நாலு மட்டும் நேரா இருக்கே சார்?" என்றான் பஞ்சர்.

"போகப் போகப் பழகியிருப்பார். இருபத்திரண்டு வருஷக் கை."

இருக்கலாம் என்றுதான் பஞ்சருக்கும் பட்டது. மேடம் கிட்டே போய்ப் பார்க்கப் புல்லில் கால் வைத்தார்.

"செருப்போட புல்லு மேல ஏறாதீங்க!"

குரல் டிராக்டர் பக்கமிருந்து வந்தது. ஒல்லியான ஆள், அறுபதைத் தாண்டியவர். வெளுத்த காக்கிச் சட்டையில் கழுத்துவரை பட்டன். புல்வெளியில் வேலை செய்கிற ஆளின் கால்சட்டையில் ஒரு பச்சைக் கறை கிடையாது. தோட்டக்காரர் அவர்களைப் பார்த்த பார்வையில் ஒரு களைச்செடியைப் பார்க்கும் அன்புகூட இல்லை.

"நீங்கதான் ஓட்டினீங்களா?" என்றார் மேடம், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"போலீஸ்ல சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

"எனக்காக ஒரு தடவை."

"காலையில ஏறி உட்கார்ந்ததுலேர்ந்தே ஸ்டியரிங் லூசு. எப்பவும் இருக்கறதைவிட லூசு. என் கட்டுக்கே வரல. சரிவுல ஒரேயடியாக் கழண்டுச்சு. இவ்வளவுதான். வேலை தெரியாதவன் கையில வண்டியைக் குடுத்தா இதுதான் நடக்கும்."

பஞ்சருக்குச் சுள்ளென்று வந்தது. "எங்க மாமாவுக்கு மரியாதை தெரியாது, சிரிக்கத் தெரியாது, வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடுன்னு சொல்லத் தெரியாது. வேலை மட்டும் தெரியும்."

கோபத்தில், வழியில் வாங்கிக் கையில் வைத்திருந்த சோடா பாட்டிலின் மூடியைத் திருகி வீசினான். அது புல்லில் போய் விழுந்தது. அடுத்த நொடி தோட்டக்காரர் நாலே எட்டில் அங்கே போய்க் குனிந்து எடுத்தார்.

"அறிவிருக்கா உனக்கு? பிளேடுல மாட்டினா குண்டு மாதிரி பறக்கும். கண்ணு போயிடும்!"

திட்டிக்கொண்டே டிராக்டருக்கு நடந்தார். சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் மூடியைப் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றார் மேடம்.

"புல்லுல கிடக்கற கல்லு, ஆணி, கண்டது கடியது. எதுவா இருந்தாலும் அதுல போயிடும். இருபத்திரண்டு வருஷத்துல இந்தப் புல்லுல ஒரு குண்டூசி கிடந்ததில்ல."

மேடத்தின் வெறுங்கால் புல்லை அழுத்தியது. இந்த முறை விரல்கள் மண்ணில் பதியும் அளவுக்கு அழுத்தியது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் முன்னால் இறங்க, மாமா ஸ்பேனர் பெட்டியோடு இறங்கினார். இறங்கினாரோ இல்லையோ, சின்ன முதலாளி பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். "எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சிட்டு இருக்கார்டா! நீ நடந்து வர்றியா?" மாமா அவன் கையைத் தட்டிவிட்டார். இருவருக்கும் நடுவே இன்ஸ்பெக்டர் புகுந்தார், பஞ்சர் புகுந்தான். ஓர் அடி யாரோ யாருக்கோ கொடுத்தது பஞ்சரின் காதில் விழுந்தது.

"மாமா, இது நீங்க குடுத்ததா, அவர் குடுத்ததா?"

"தெரியல. வாங்கிக்கோ."

"போதும்," என்றார் மேடம். சத்தமே போடவில்லை. ஆனால் எத்தனையோ பேரை நடுரோட்டில் நிறுத்தி வைத்த குரல் அது, எல்லோரும் நின்றார்கள். "இன்ஸ்பெக்டர், வண்டியைப் போட்டோ எடுத்தாச்சு, எழுதியாச்சு. இப்ப இவர் அதே வேலையை உங்க கண்ணு முன்னால செய்யட்டும். அதே நட்டு, புதுப் பின். நீங்களே தொட்டுப் பாருங்க."

"இதனால என்ன ஆகப் போகுது?"

"ஆகலன்னா நாலு மணிக்கு நானே உங்க கூட கோர்ட்டுக்கு வர்றேன்."

மாமா வண்டிக்கு அடியில் படுத்தார். பதினைந்து நிமிஷம் ஸ்பேனர் சத்தமும் அவர் முணுமுணுப்பும் மட்டும் கேட்டன. வெளியே வந்தபோது நெற்றியில் கிரீஸ். இன்ஸ்பெக்டர் குனிந்து பின்னைத் தொட்டுப் பார்த்தார், மடங்கியிருந்தது. ஸ்டியரிங்கைச் சுண்டுவிரலால் அசைத்தார். முன்சக்கரம் உடனே அசைந்தது. துளி ஆட்டம் இல்லை.

"நல்லா டைட்டாத்தான் இருக்கு. சரி. இப்ப?"

மேடம் தோட்டக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஸ்டியரிங் இப்படி ஒழுங்கா இருந்திருந்தா நீங்க நேரா வெட்டியிருப்பீங்க இல்லையா?"

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே வெட்டுங்க, போதும். இங்க மட்டமா இருக்கற இடத்துல ஒரே ஒரு வரி. எல்லாரும் தள்ளி நில்லுங்க. மெக்கானிக் தப்புன்னு நிரூபிச்சுட்டுப் போயிடலாம்."

தோட்டக்காரர் அவரை முறைத்தார். மறுக்க வழியில்லை, மறுத்தால் அவர் சொன்னதெல்லாம் நிற்காது. இருபத்திரண்டு வருஷப் பெருமையும் விடவில்லை. ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பிளேடு சுழன்றது.

வண்டி நகர்ந்ததுமே இடது பக்கம் வெட்டி இழுத்தது. அவர் திருப்பினார், வலது பக்கம் துள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினார், மறுபடி இடது. மறுமுனைக்குப் போய் நிற்பதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எஞ்சின் நின்றது.

புல்லில் பத்தாவது கோணல் வரி கிடந்தது. பக்கத்தில் இருந்த ஒன்பதுக்கும் கூடப்பிறந்தது என்று சொல்லலாம். அதே நெளிவு, அதே இடைவெளி.

"லூசா சார்?" என்றான் பஞ்சர் இன்ஸ்பெக்டரிடம். "இல்ல, நீங்கதான் சுண்டுவிரல்ல பார்த்தீங்களேன்னு கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் வேகமாகப் போய் ஸ்டியரிங்கை மறுபடி ஆட்டிப் பார்த்தார். கல்லுப் போல் இருந்தது. "இது எப்படி மேடம்?"

"நாம எல்லாரும் தலைகீழாப் படிச்சுட்டோம். கோணல்னா லூசு, நேர்னா டைட்டுன்னு. ஆனா வரவேற்பறையில ஒரு போட்டோ இருக்கு. போன மாசம் எடுத்தது. அப்ப இந்த ஸ்டியரிங் கால் சுற்று ஆட்டம். வரி எல்லாம் நேர். நாலு வருஷமா அந்த ஆட்டத்துக்கு இவர் கை பழகிப்போச்சு. திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னாலயே கால் சுற்று திருப்பிடுவார். ஆட்டம் போனதும் அந்தக் கால் சுற்று சக்கரத்துக்குப் போகுது. வண்டி துள்ளுது." மேடம் தன் வலது காலைப் பார்த்தார். "என்னோட காரை வித்து ஆறு வருஷம் ஆச்சு. இந்தக் கால் இன்னும் பிரேக்கை மிதிக்குது. மூளை சொன்னா கேட்கறதில்ல."

பஞ்சருக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. "அப்ப அந்த ஒன்பது வரி வெட்டும்போது…"

"ஸ்டியரிங் டைட்டா இருந்தது. உங்க மாமா போட்ட நட்டும் இருந்தது, பின்னும் இருந்தது. பத்தாவதுலேர்ந்து திடீர்னு நாலு வரி நேர். கை ஒரே நிமிஷத்துல மாறாது. அப்ப வண்டிதான் மாறியிருக்கணும். யாரோ நடுவுல அதைப் பழையபடி லூசாக்கியிருக்காங்க."

"எவன்டா அவன்?" சின்ன முதலாளி சுற்றிலும் பார்த்தான்.

"கெட்ட எண்ணத்துல கழட்டினவன் பின்னைத் தொட்டியில எறிஞ்சிருப்பான், இல்ல புல்லுல வீசியிருப்பான். நாலு கான்ஸ்டபிள் தேடினதும் அதைத்தான். ஆனா புல்லுல ஒரு குண்டூசியைக்கூடப் போட மனசு வராத ஒருத்தர் கழட்டியிருந்தா? பஞ்சர், அந்த டப்பாவை எடு."

தோட்டக்காரரின் கை தானாக டப்பாவை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பஞ்சர் கம்பியை அவிழ்த்து இன்ஸ்பெக்டரின் விரித்த கைக்குட்டையில் கொட்டினான். கூழாங்கல், துருப்பிடித்த ஆணி, ஒரு சட்டைப் பட்டன், சோடா மூடி. எல்லாவற்றுக்கும் நடுவில், துருவே ஏறாமல், பளபளவென்று ஒரு புதுப் பின். இரண்டு கால்களையும் கவனமாக நேராக்கிக் கழற்றிய பின்.

மாமா எட்டிப் பார்த்தார். "என்னுது," என்றார். "நான் மடக்கினது அது."

தோட்டக்காரர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. யாரும் கேட்காமலே பேசினார்; பேச்சிலும் கோபம்தான் முதலில் வந்தது.

"ஒரு வார்த்தை யாராவது எங்கிட்டச் சொன்னாங்களா? எனக்கு லீவு விட்ட அன்னிக்கு வண்டியைத் தூக்கிட்டுப் போய் ரிப்பேர் பண்ணிட்டு வந்து நிறுத்திட்டாங்க. நான் எப்பவும் போல ஏறினேன். முதல் வரியே கோணல். ரெண்டாவது கோணல். என் வாழ்க்கையில அப்படி ஒரு வரி நான் வெட்டினதில்ல. எனக்குக் கைதான் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"முதலாளி மாடியிலேர்ந்து பார்த்துட்டு இறங்கி வந்தார். ஒன்பது வரியையும் பார்த்தார். 'வயசாயிடுச்சுய்யா. அடுத்த மாசத்தோட நின்னுக்கோ'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். அப்பதான் குனிஞ்சு பார்த்தேன். புது நட்டு, புதுப் பின். ஓ, இதுதானான்னு இருந்துச்சு. பின்னை உருவி, நட்டை ரெண்டு சுத்து தளர்த்தினேன். நாலு வருஷமா எவ்வளவு ஆட்டம் வேணுமோ அவ்வளவு நானேதான் வச்சுக்குவேன். வச்ச இடத்துல நிக்கும் அந்த நட்டு."

"அது துருவுல நின்னுச்சுய்யா!" மாமா கத்தினார். "பழசு துருவுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். இது புதுசு. கிரீஸ் போட்டது. பின் இல்லன்னா ஆடி ஆடித் தானாக் கழண்டுடும். பட்டறையில துடைக்கிறவனைக் கேட்டாலும் சொல்லுவானே!"

"எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக் இல்ல." தோட்டக்காரர் அவரைப் பார்க்கவில்லை. புல்லையே பார்த்தார். "நாலு வரியும் நேரா வந்துச்சு. உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. முதலாளியைக் கூப்பிட்டேன். 'வந்து பாருங்க, என் கையைப் பாருங்க'ன்னு கூப்பிட்டேன். அவரும் வந்தார். கீழேயிருந்து பார்த்தாத்தான் நேர் தெரியும்னு தொட்டிக்கிட்ட நிக்கச் சொன்னேன்."

அவர் நிறுத்தினார். ஐந்தாவது வரி எங்கே போய் முடிந்தது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பாவை வரச் சொல்லி நசுக்கிட்டு, பழியைத் தூக்கி இன்னொருத்தன் மேல போட்டியா?" சின்ன முதலாளி முன்னே வந்தான்.

"வண்டியை ரிப்பேருக்குக் கொண்டு போனது நீங்க," மேடம் குறுக்கே நின்றார். "ஓட்டறவர்கிட்டச் சொன்னீங்களா?"

"ஒரு தோட்டக்காரன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?"

"அதான் கேட்டேன்."

அவன் தொட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் பின்னைக் கைக்குட்டையோடு மடித்துப் பையில் போட்டார். மாமாவைப் பார்த்து, "நீங்க போகலாம். பட்டறைச் சாவிக்கு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க," என்றார்.

"ரெண்டு நாள்!" மாமா தோட்டக்காரர் முன்னால் போய் நின்றார். கையில் ஸ்பேனர் இருந்தது. பஞ்சர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு நாளா என்னை வேலை தெரியாதவன்னு ஊரே காறித் துப்புது. என் பொண்டாட்டி வீதியில நிக்கறா. எல்லாம் உன் டப்பாவுக்குள்ள கிடந்திருக்கு. எப்படிய்யா தூங்கினே?"

"தூங்கல," என்றார் தோட்டக்காரர்.

கான்ஸ்டபிள் கையைப் பிடித்ததும் தோட்டக்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். ஜீப்பை நோக்கி நடந்தவர், புல்வெளி முடிகிற இடத்தில் நின்று திரும்பினார். ஆட்களைப் பார்க்கவில்லை. அந்தப் பத்து வரிகளையும் பார்த்தார், முகம் சுருங்கியது. அவ்வளவு நேரமும் கோபத்தில் நிமிர்ந்திருந்த மனிதர் முதல் முறையாகக் கெஞ்சும் குரலில் பேசினார்.

"அந்தக் கோணலை மட்டும் யாராவது திரும்ப வெட்டி விட்டுடுங்க. எல்லாரும் பார்க்கற இடம். என் கைன்னு சொல்லுவாங்க."

பஞ்சருக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது, அதை விழுங்கிவிட்டான்.

மாமாதான் சொன்னார்.

"வெட்டக் கூடாது. ஒரு புல்லை எவன் தொட்டாலும் கையை உடைப்பேன். முதலாளி கண்ணு முழிச்சு வந்து பார்க்கற வரைக்கும் அது அப்படியே இருக்கணும். நான் வேலையை ஒழுங்கா செஞ்சேங்கறதுக்கு அந்தப் பத்து வரிதான் சாட்சி."

தோட்டக்காரர் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறி, புல்வெளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.